டம்ளரில் தண்ணீர் இல்லை

குற்றாலத்தில் சாரல் மாதம். மத்தியான மணி அடித்ததும் நான்காம் வகுப்பு காலியானது. தண்ணீர் பாட்டிலை மறந்த நிவேதா மட்டும் திரும்பி வந்தாள்.

ஙீ... ங்...

மேசை மேல் அவளும் கிங்ஸ்லியும் செய்த கருவி தானாக முனகியது.

ஐஸ் குச்சியில் ஒட்டிய இரண்டு செம்புக் கம்பிகள், ஒரு பேட்டரி, சத்தம் போட ஒரு சின்ன பஸ்ஸர். அவ்வளவுதான். குச்சி டம்ளருக்குள் நிற்கும். தண்ணீர் ஏறி இரண்டு கம்பிகளையும் தொட்டால்தான் அது கத்த வேண்டும்.

டம்ளரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கணக்கு வகுப்பில் மறுபடி முனகியது. ப்ரீதா தன் பெஞ்சைத் தள்ளிப் போட்டாள். "ஏட்டி, மலையில இருந்து எதுவோ இறங்கி வந்து இதுக்குள்ள உக்காந்திருக்கு!"

சொக்கம்மாள் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நாளைக்குக் கண்காட்சி. ஏன் கத்துதுன்னே தெரியாத சாமான வைக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிங்க. இல்லன்னா எடுத்துருங்க."

பள்ளி விட்டதும் இருவரும் காத்திருந்தார்கள். கிங்ஸ்லி மூன்று பெஞ்சு தள்ளி. "நான் இங்கன இருந்தே பாக்கேன்."

நிவேதா கருவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மேகம் மெல்ல இறங்கி மலையை விழுங்கியது. பிறகு மரங்களை. பிறகு மதில் சுவரை. யாரோ மூச்சு விட்டதுபோல் ஈரக்காற்று அவள் கழுத்தைத் தொட்டது.

ஙீ... ங்...

கிங்ஸ்லி பெஞ்சு மேல் ஏறிவிட்டான். அதற்குப் பிறகுதான் சாரல் விழுந்தது. முற்றத்தில் சத்துணவுக்கூடத்து மூக்கம்மாள் அக்கா, "ஐயோ, என் வத்தல் நனைஞ்சு போச்சே!" என்று ஓடினார்.

முதலில் காற்று. அடுத்து முனகல். அப்புறம் சாரல்.

நிவேதா விரலை நீட்டிக் குச்சியைத் தொட்டாள். பிசுபிசுத்தது. கம்பிகளுக்கு நடுவே வெள்ளைப் பொடி ஈரமாக மின்னியது. சாரல் மாதத்தில், மூடியே வைத்தாலும் வீட்டு உப்பு ஜாடி இப்படித்தான் கசியும்.

"சோதிச்சுப் பாக்கும்போது தண்ணியில உப்பு போட்டியாலே?"

கிங்ஸ்லி தலையைக் குனிந்தான். "நேத்து... சத்தம் பெருசா வரட்டும்னு ஒரு கை கல்லுப்பு. அப்புறம் கழுவல. டீச்சர்ட்ட சொல்லிராதட்டி."

"காத்துல இருக்க ஈரத்த உப்பு குடிச்சிருது. ரெண்டு கம்பியும் சேந்துருது. அதான் உன் பேய்!"

"அப்ப கழுவிருதேன்."

"கழுவாதலே!"

'தொட்டி நிரம்பினால் கத்தும் கருவி' என்ற அட்டையைத் திருப்பி, 'சாரலுக்கு முன்னால் கத்தும் கருவி' என்று எழுதினாள். கீழே கிங்ஸ்லியின் பெயரை முதலில் எழுதினாள். டீச்சர் வந்து அதைப் படித்தார். கருவியை உற்றுப் பார்த்தார். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்றார்.

மறுநாள் பளீரென்று வெயில். கருவி வாயே திறக்கவில்லை.

"பேய்க்கு இன்னைக்கு லீவா?" என்றாள் ப்ரீதா. எல்லாரும் சிரித்தார்கள். நிவேதா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காற்று உள்ளே வந்தது.

ஙீ... ங்...

சிரிப்பு நின்றது. நிவேதா ஜன்னலுக்கு ஓடினாள். "அக்கா, வத்தல அள்ளுங்க!"

வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மூக்கம்மாள் அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் அள்ளினார். கடைசிச் சாக்கு வராந்தா ஏறியதும் சாரல் விழுந்தது.

அதற்கடுத்த நாள் வற்றல் காயப்போட வந்த மூக்கம்மாள் அக்கா வானத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான்காம் வகுப்பு ஜன்னலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏட்டி, உங்க பேய் என்ன சொல்லுது? காயப்போடட்டுமா?"