சொல்லாமல் நின்ற புரோகிராம்

"எங்க அண்ணன்தான் செய்யறார். கையும் களவுமா பிடிக்க முடியல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பறவை டாக்டர் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். இரண்டு மடக்குக் குடித்ததும் மூடியை இறுகத் திருகி, பையில் வைத்து, பையின் ஜிப்பையும் இழுத்துவிட்டார்.

டாக்டர் தேடி வந்திருந்த பெண்ணுக்கு, கோளாறான புரோகிராம்களைத் துருவி ஆராய்வதுதான் தொழில். அவருக்கு உதவியாக, 'அண்ணி, அண்ணி' என்று ஒட்டிக்கொண்டு திரிபவன் அவர் கணவரின் தம்பி. எதிலும் முந்திக்கொள்பவன் என்பதால் வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்றே பேர். "போலீஸுக்குப் போயிருக்கலாமே" என்று அவன் ஆரம்பித்ததும், அண்ணி ஒரு பார்வையில் அடக்கினார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க டாக்டர்."

மரம் சாய்ந்து கூடிழந்த நாரை முட்டைகள் சிலவற்றை டாக்டர் தம் காப்பகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அடைகாக்கும் பெட்டியின் சூட்டைக் கணினியில் ஓடும் ஒரு புரோகிராம் பார்த்துக்கொள்கிறது. தினமும் காலையில் அதை நிறுத்தி, அன்றைக்கு வேண்டிய சூட்டைக் கொடுத்து, மறுபடி ஓடவிடுவது டாக்டர்தான்.

"பகல் முழுக்க ஒழுங்கா ஓடுது. சாயங்காலம் நான் கிளம்பினதும் நின்னுடுது. சூடு இறங்கி மணி அடிக்கும். மாடியில குடியிருக்கற அண்ணன் வந்து ஓடவிட்டா, விடியற வரைக்கும் ஒரு குறையும் இல்ல. நமக்கு இது சரிப்படாது, பெரிய பறவைப் பூங்காவுக்கு அனுப்பிடுன்னு முதல் நாளே சொன்னவர் அவர். இன்னும் எத்தனை தடவை அந்த முட்டைங்க குளிரைத் தாங்கும்?"

காப்பகத்தில் அண்ணன் கோபமாகவே வரவேற்றார். பட்டப்பகலில் மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அறைக் கதவும், உள்ளே அலமாரியும், அதற்குள் ஒரு பிஸ்கட் டப்பாவும் ஆவென்று திறந்து கிடந்தன.

"ஓடவிட்டுக் காப்பாத்தறவன் நான். கடைசியில நானே திருடன்" என்றார் தங்கையைப் பார்க்காமல். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

அண்ணி கணினியின் முன் உட்கார்ந்தார். காலையில் நிறுத்தும்போதெல்லாம், 'நிறுத்தச் சொன்னார்கள், சேமித்துவிட்டேன், வருகிறேன்' என்று எழுதிவைத்துவிட்டுத்தான் புரோகிராம் நின்றிருந்தது. சாயங்காலங்களில் ஒரு சொல்கூட இல்லை.

அவசரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "கொலைதான் அண்ணி! புரோகிராமுக்கு 'நிறுத்து'ன்னு சிக்னல் வந்தா அதைக் காதுல வாங்கிக்கும், மூட்டை முடிச்சு கட்டிட்டு, சொல்லிட்டுப் போகும். 'கொல்'னு ஒரு சிக்னல் இருக்கு. அதை எந்தப் புரோகிராமாலயும் தடுக்க முடியாது. வாயே திறக்காம செத்திருக்குன்னா, யாரோ வேணும்னே அதை அனுப்பியிருக்காங்க." சொல்லிவிட்டு அண்ணனை நேராகவே பார்த்தான்.

"வாய் திறக்காம சாக அது ஒண்ணுதான் வழியா?" என்றார் அண்ணி. பிறகு டாக்டரிடம் திரும்பினார். "நேத்து கிளம்பறப்ப புரோகிராமை நிறுத்தினீங்களா?"

"நான் எதுக்கு நிறுத்தப்போறேன்? ஓடுதான்னு பார்த்துட்டு, எப்பவும்போல எல்லாத்தையும் மூடிட்டுப் போனேன்."

"இப்பவும் அப்படியே கிளம்புங்க, பார்க்கலாம்."

டாக்டர் பேனாவை மூடினார். மருந்து அலமாரியை மூடினார். கணினித் திரையில் திறந்திருந்த கறுப்பு விண்டோவை மூடினார். புரோகிராம் ஓடுவதைக் காட்டும் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

அண்ணி உடனே புரோகிராமை மறுபடி ஓடவிட்டார். விளக்கு எரிந்தது.

"அந்த விண்டோவுக்குள்ளதான் நீங்க புரோகிராமை ஆரம்பிக்கறீங்க. அதை மூடினா, 'தொடர்பு அறுந்துபோச்சு'ன்னு உள்ள ஓடற புரோகிராமுக்கு ஒரு சிக்னல் போகும். இது வந்தா என்ன பண்ணணும்னு முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இதை எழுதினவங்க 'நிறுத்து'க்கு மட்டும் பதில் எழுதிட்டு, இதை விட்டுட்டாங்க. பதில் எழுதாத சிக்னல் வந்தா வழக்கம் என்னவோ அதான் நடக்கும். இதுக்கு வழக்கம், சத்தமில்லாம செத்துப்போறது."

"நான் ஆரம்பிச்சா மட்டும் ஏன் சாகறதில்ல?" என்றார் அண்ணன்.

"நீங்கதான் எதையும் மூடறதே இல்லையே."

முதலில் சிரித்தவர் டாக்டர். அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவசரம் அசடு வழியும் முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்தச் சிக்னல் வந்தால் காதில் போட்டுக்கொள்ளாதே என்று புரோகிராமில் எழுதிச் சேர்த்தான். அண்ணி சரிபார்த்ததும் ஓடவிட்டு, விண்டோவை அவனே மூடினான். எல்லார் கண்களும் பச்சை விளக்கின் மேலேயே இருந்தன. அது எரிந்துகொண்டே இருந்தது.

"கொலைகாரன்னு உங்களைப் பார்த்தேன் சார். மன்னிச்சுக்கோங்க" என்றான்.

"தங்கச்சியே அப்படித்தானேப்பா பார்த்தா."

டாக்டர் தலை குனிந்தார். "ஏண்ணா அனுப்பிடுன்னே?"

"நீ சாப்பாடு தூக்கம் இல்லாம அலையறே. பார்க்கச் சகிக்கல. சரி, அதை விடு. இங்க வா, காலையிலேர்ந்து சொல்லணும்னு இருந்தேன், நீதான் முகம் கொடுக்கல. ஓரத்து முட்டையில காதை வச்சுப் பாரு."

டாக்டர் குனிந்து காதை வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் முகம் மெல்ல மலர்ந்தது. "உள்ளேர்ந்து கொத்துதுண்ணா" என்றார் ரகசியமாக.

தானும் கேட்கவேண்டுமென்று பாய்ந்த அவசரத்தின் சட்டையை அண்ணி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "அவங்க ரெண்டு பேரும் முதல்ல கேக்கட்டும்டா."