பாம்புக்கழுகு ஊட்டும் நேரம்

கிளை முறிந்துவிட்டது என்றுதான் சூசைராஜ் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கிளை முறியவில்லை. அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்தது. அவன் போட்ட முடிச்சு எதுதான் நின்றிருக்கிறது? கல்யாணத்தன்று தாலி முடிச்சையே அவன் அக்கா வந்து இறுக்கிப் போட வேண்டியிருந்தது.

ஆவூருக்குத் தெற்கே தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் ஒரு வேலமரம். அதன் உச்சியில் பாம்புக்கழுகின் கூடு, கூட்டில் ஒற்றைக் குஞ்சு. கரைமேல் ஏறி நின்றால் கூடு கண்ணுக்கு நேராக இருக்கும். கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பூட்டித் திறக்கிற வேலை பார்த்துக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் கேமராக் கிறுக்குப் பிடித்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய யோகம் வாய்க்காது. ஒரே ஒரு கிளை மட்டும் குறுக்கே நின்றது. கூட்டுக்குப் பக்கத்தில் போவதே தப்பு, கிளையில் கைவைப்பது அதைவிடத் தப்பு என்று வாட்ஸப் குழுவில் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் அவன்தான். அன்றைக்கு அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, துணி காயப்போடும் கயிற்றால் அந்தக் கிளையை வளைத்து இழுத்துக் கீழே ஒரு கட்டையில் கட்டினான்.

கரைமேல் பனைநிழலில் ஜெனிஷா பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது மகள். மனைவி அன்புச்செல்வி விராலிமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி நர்ஸ் என்பதால், கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. இதுவும் பார்த்துக்கொள்வதுதானே என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அவன் கேமராவுக்குத் திரும்பி வந்து கண்ணை வைத்த நேரத்தில் முடிச்சு விட்டது. கிளை உண்டிவில் மாதிரி நிமிர்ந்து கூட்டை ஒரு வாரு வாரியது. வெள்ளைப் பஞ்சுருண்டை ஒன்று காற்றில் எழும்பி, அவசரமே இல்லாமல் கீழே போனது. ஈரத் துண்டு தரையில் விழுவது போல ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

முள் கிழிக்கக் கிழிக்க ஓடிப்போய் எடுத்தான். உள்ளங்கைக்குள் அது சுடச்சுட இருந்தது. வாயை ஒருமுறை அகலத் திறந்தது, யாராவது ஏதாவது வைக்கமாட்டார்களா என்பது போல. பிறகு மூடவில்லை.

அப்போதுதான் நிழல் கடந்தது. தாய் வந்து, சரிந்து கிடந்த கூட்டின்மேல் நின்றது. விழுங்கிய பாம்பின் வால் மட்டும் அலகிலிருந்து தொங்கி மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. குஞ்சு அந்த வாலைப் பிடித்து இழுத்துத்தான் தன் சாப்பாட்டை வெளியே எடுக்கும். இழுக்க ஆள் இல்லை.

சூசைராஜ் அழுதுகொண்டுதான் இருந்தான். அழுதுகொண்டே குஞ்சைத் தரையில் வைத்துவிட்டுக் கரைமேல் ஓடி நாலு படம் எடுத்துவிட்டான். கை தன்பாட்டுக்குச் செய்தது. அதன்பிறகுதான் கைக்குட்டையில் சுற்றிப் புதைத்து, பாதி அருள்நிறை மரியே ஜெபம் சொன்னான். மீதியைச் சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது.

படம் அபாரமாக வந்திருந்தது. அவன் கல்யாணப் படத்துக்குக்கூட அத்தனை லைக் விழுந்ததில்லை. ஒரே குறை, அந்த மஞ்சள் கண் லென்ஸைப் பார்க்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கமாக, பனைநிழல் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாமே என்றுதான் அப்போது வருத்தப்பட்டான்.

அந்த வாரமே ஜெனிஷா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"என்னங்க, மத்தியானம் புள்ளைக்குச் சோறு போட்டீங்களா, இல்ல கேமராவத் தொடச்சுக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள் அன்புச்செல்வி, டியூட்டி முடிந்து வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு.

"போட்டேன் செல்வி. திங்க மாட்டேங்குது."

"நீங்க வச்ச ரசத்த நாங்கூடத் திங்க மாட்டேன். புள்ளையச் சொல்லிக் குத்தமில்ல."

அவனும் சிரித்தான். ஆனால் அவள் வைத்த கோழிக்குழம்பையும் பிள்ளை தொடவில்லை. பாலைத் தள்ளிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சாப்பிடலைங்கிறீங்க, வெயிட் கூடியிருக்கே! எங்கயோ திருட்டுத்தனமா வெளுத்துக் கட்டுது. பக்கத்து வீட்டுல விசாரிங்க."

அவர்கள் வீடு ஊரை விட்டுத் தள்ளிக் கட்டிய புது வீடு. பக்கத்து வீடு என்று ஒன்று இருந்தால்தானே விசாரிப்பதற்கு.

மறுநாள் மத்தியானம் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. மீன் வாடை மாதிரி, ஆனால் மீன் இல்லை. வெயிலில் கிடந்த கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து எழுமே, அந்தக் குளிர்ந்த மண்வாடை.

"தங்கம், யாரும்மா ஒனக்கு ஊட்டுறது?"

"காக்கா."

"காக்காவா?"

"இல்ல, பஸ்ஸு." கெக்கெக்கென்று சிரித்தாள். "பஸ்ஸு வந்து ஊட்டுச்சு."

கறம்பக்குடியிலிருந்த செம்மலுக்குப் போன் போட்டான். பறவைக் குழுவின் அட்மின், இந்த விஷயங்களில் கரைகண்டவர் என்று பெயர்.

"தலைவரே, ஒரு சந்தேகம். குஞ்சு செத்துப்போச்சுன்னா தாய்ப்பறவை என்ன செய்யும்?"

"ஏன், எந்தக் கூட்டுல கைய வச்சீரு?"

"ச்சே, நெட்ல படிச்சேங்க."

"கொஞ்ச நாளு வந்து வந்து பாக்கும். அப்பறம் அது பாட்டுக்குப் போயிரும். நம்மளாட்டம் வருஷாந்திரம் திதி குடுக்கவா போவுது?" என்று செம்மல் சிரித்தார். "அத விடுங்க, அந்தப் படத்தப் போட்டிக்கு அனுப்புங்கய்யா. கண்டிப்பா அடிக்கும்."

காலையில் ஜெனிஷாவின் தலையணையில் அது கிடந்தது. கட்டைவிரல் பருமனில், சாம்பல் நிறத்தில், காய்ந்த ஓர் உருண்டை. அது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேட்டைப் பறவைகள் செரிக்காததையெல்லாம் இப்படி உருட்டிக் கக்கும். போன வருஷம் இதைப் பற்றி அவனே படத்தோடு பதிவு போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தான். உருண்டையை நகத்தால் பிய்த்தான். செதில்கள், அரிசி ஒடிந்த மாதிரி மெல்லிய விலா எலும்புகள். நடுவில் ஒரு ரோஸ் நிறப் பொத்தான். முந்தாநாள் கவுனிலிருந்து கடித்து விழுங்கிவிட்டாள் என்று அன்புச்செல்வி பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாளே, அந்தப் பொத்தான்.

ஜன்னல் வெயில் முகத்தில் பட்டு ஜெனிஷா விழித்தாள். இமை கொட்டவில்லை. கண்ணின் உள்மூலையிலிருந்து பால்நிறத்தில் ஒரு சவ்வு, கண்ணாடி துடைப்பது போல, பக்கவாட்டில் ஒருமுறை ஓடித் திரும்பியது.

கழுகைப் படமெடுக்கும்போது அந்தச் சவ்வு மூடிய நொடியில் கிளிக் செய்துவிட்டால் படம் வீண். அதை அவன் எத்தனையோ முறை திட்டியிருக்கிறான்.

அன்புச்செல்வியிடம் சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனான். சொல்வதென்றால் கயிற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கயிற்றைச் சொன்னால் முடிச்சைச் சொல்ல வேண்டும். அவள் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டே, "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போயிட்டு வா."

மாடிக் கதவைப் பூட்டினான். சாவியை இருதயநாதர் படத்துக்குப் பின்னால் வைத்தான். அவனுக்குத் தெரிந்து அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த வீட்டில் இல்லை.

உச்சிவெயில் ஏறியதும் சத்தம் வந்தது. மேலே, கான்கிரீட்டில், நகம் நடக்கும் சத்தம். கிரீச், கிரீச் என்று நாலு எட்டு வைத்து நிற்கும். மறுபடி நாலு எட்டு. தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து மாடிக் கதவு வரைக்கும் வந்து, அங்கே வெகுநேரம் சும்மா நிற்கும். கீழே பாயில் மல்லாந்து கிடந்த ஜெனிஷாவின் கண்கள் விட்டத்தில் அந்த நடையோடு கூடவே நகர்ந்தன. பிறகு நீளமாக, இரங்கிக் கேட்கிற மாதிரி ஒரு சீழ்க்கை. பீ... யோ.

பாயிலிருந்து பதில் போனது. அதே சுருதி. அதே இழுவை.

அவன் பிள்ளையின் வாயைப் பொத்தினான். உள்ளங்கைக்குள் அவள் உதடுகள் திறந்து திறந்து மூடின. அந்தத் துடிப்பை அவன் கை முன்பே அறிந்திருந்தது.

அடுத்த நாளும் பூட்டியே வைத்தான். பிள்ளை வாடினாள். சோற்றைப் பிசைந்து, உருட்டி, கெஞ்சி, கதை சொல்லி, கரடி மாதிரி குட்டிக்கரணம்கூடப் போட்டுப் பார்த்தான். தலையைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்து அழுதான். ஜெனிஷா தவழ்ந்து வந்து அவன் கன்னத்தைத் தொட்டாள். விரல்கள் அனலாக இருந்தன.

"பசிக்குதாம்மா?"

தலையை ஆட்டினாள்.

"அப்பா ஊட்டட்டா?"

மாட்டேன் என்று ஆட்டினாள். கோபமெல்லாம் இல்லை. பாவம், உனக்குத் தெரியாது என்பது போல.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போய்வந்தான். அவ்வளவு நேரம்தான்.

பாய் காலியாக இருந்தது.

இருதயநாதர் படத்துக்குப் பின்னால் கைவிட்டான். சாவி இல்லை.

போன் அடித்தது. அன்புச்செல்வி. "என்னங்க, காலையில மாடியில துணி காயப்போட்டேன். வெயில்ல வெளுத்துரும், எடுத்துருங்க. கதவத் தொறந்துதான் போட்டு வந்தேன். அதென்ன, சாவியப் போயி சாமிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

படி ஏறினான். முழங்கால் படியில் இடித்தது. வலிக்கவில்லை.

வெள்ளை வெயில். கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. காற்று இல்லை. அந்த வாடை மட்டும்.

தண்ணீர்த் தொட்டிமேல் அது உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை. லென்ஸே தேவைப்படாத தூரம். அவனை அது பார்க்கவே இல்லை. அவன் ஒரு பொருட்டே இல்லை.

கைப்பிடிச் சுவரின்மேல் ஜெனிஷா.

அவனுக்கு முதுகு காட்டி. வெறும் கால். கால்விரல்கள் சுவர் விளிம்பை வளைத்துப் பிடித்திருந்தன. இரண்டு கைகளும் விரிந்திருந்தன. எதிரே பொட்டல். அதற்கப்பால் கண்மாய்.

ஓர் எட்டு வைத்தான். அவள் முன்னால் சாய்ந்தாள்.

நின்றான்.

"ஜெனி." கையை மட்டும் நீட்டினான். மறுபடி. "ஜெனிக்குட்டி. அப்பாதான்டா. எறங்கும்மா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தொட்டிமேல் நகங்கள் ஒருமுறை பிறாண்டின.

"யாருகிட்டம்மா போற? எங்கம்மா போற?" காக்கா என்று சொல்லட்டும். பஸ் என்று சொல்லட்டும். என்ன சொன்னாலும் கெக்கெக்கென்று சிரித்தால் போதும். "சொல்லு தங்கம். எங்க போற?"

ஜெனிஷா திரும்பினாள். உடம்பு திரும்பவில்லை. தலை மட்டும், தோளைத் தாண்டி, முழுசாகப் பின்னால் திரும்பியது. அவள் உதட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பு வால் ஒன்று தொங்கி, இன்னும் மெல்லச் சுருண்டு சுருண்டு விரிந்தது. வாயில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது என்று அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். நல்ல பிள்ளை. தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, மூன்று விழுங்கில் உள்ளே தள்ளினாள். தொண்டை மேடிட்டு இறங்கியது. புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

அந்தச் சவ்வு ஒருமுறை ஓடித் திரும்பியது.

"எங்க வீட்டுக்கு" என்றாள்.