உள்ளங்கை பார்த்தவன்

காய்ச்சி இறக்கிய கூழ் ஆறி ஏடு கட்டியிருந்தது. அன்று காலை அந்த வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை.

"வர்றவரு மெட்ராஸ்காரரு. அவரு எதுர்ல நீ வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் ஜெயம்மாள், வாசலில் தண்ணீர் தெளித்தபடி. "இந்தப் பொண்ணப் பெத்தவ இருந்திருந்தா இந்நேரம் முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கினு இருப்பா. நீ இன்னாடான்னா எழவு வூட்ல குந்தின மாதிரி மூஞ்ச வச்சிக்கினு கீற."

நாத்தனாரின் வாய்க்குச் சிட்டம்மாள் பதில் பேசியதே இல்லை. சின்னப்பையனுக்கு இரண்டாம் தாரமாக அவள் இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது மூத்தவளின் மகள் ஞானசுந்தரி நடை பழகாத குழந்தை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். ஆனாலும் அவள் பெயர் 'சின்னம்மா'தான். அதற்கு மேல் ஒரு படி ஏற ஜெயம்மாள் விட்டதில்லை.

சுந்தரி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். திருப்புலிவனத்துக்கு அந்தப் பக்கம் ஏரியை ஒட்டிய அந்தச் சேரியில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் பெண் அவள்தான். நர்ஸாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. திருமுக்கூடல் பக்கம் ஆஸ்பத்திரி நடத்திய ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரீகளின் ஊரில் நர்ஸ் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பேசும் ஸ்பானிஷ் பாஷை தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அந்த ஊருக்கே போய், ஒரு வருஷம் வேறு பேச்சே காதில் விழாமல், அவர்களோடு தங்கிப் பழக வேண்டும்.

போக இரண்டு வழி இருந்தது. அந்த ஆஸ்பத்திரித் தலைவியான மதர் சொன்ன வழி: ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் கப்பல் கூலி சேர்த்து, பிறகு அவர்கள் மடத்திலேயே தங்கிப் படிப்பது. இன்று வரப்போகிற மெட்ராஸ்காரன் கிருஷ்ணசாமி சொல்லி அனுப்பிய வழி: அடுத்த மாதமே கப்பல், கூலி கட்ட வேண்டாம், ஒரு பெரிய மனிதர் வீட்டில் தங்கிப் பேசிப் பேசியே பாஷை கற்றுக்கொள்ளலாம். சுந்தரியின் பள்ளித் தோழி, காவாந்தண்டலத்து மலர்க்கொடி போன மாதமே அவனோடு போய்விட்டாள்.

இல்லாதவன் வீட்டில் எந்த வழி ஜெயிக்கும்?

கிருஷ்ணசாமி வந்தான். சலவைச் சட்டை, கூர் மூக்குச் செருப்பு, பவுடர் வாசனை. வாங்கி வைத்திருந்த கலர் சோடாவை ஒரே மூச்சில் குடித்தான். சுந்தரி பயந்து பயந்து சர்டிபிகேட்டை நீட்டினாள். அவன் அதை வாங்கவே இல்லை.

"அது இருக்கட்டும்மா. கையைக் காட்டு."

சுந்தரி காட்டினாள். அவன் உள்ளங்கையைத் திருப்பி வைத்து, விரல்களின் அடியில் தன் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவனின் நிதானம் அதில் இருந்தது.

"தண்ணி தூக்கிப் பழக்கம் உண்டா?"

"உண்டுங்க."

"குழந்தைங்களப் பாத்துப்பியா? ராத்திரி முழிச்சிருப்பியா?"

"பாத்துப்பேங்க."

"கூடப் பொறந்தவங்க? அண்ணன், தம்பி?"

"இல்லீங்க. நான் ஒருத்திதான்."

கிருஷ்ணசாமி சிரித்தான். "நல்லது," என்றான்.

சிட்டம்மாள் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் தலை மறைந்ததும் அவள் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். "இந்தாய்யா... படிக்கக் கூப்புடறவன் ஒரு வரி படிக்கச் சொல்லி கேக்கலியே. சர்டிபிகேட்டத் தொடவே இல்ல. அண்ணன் தம்பி இல்லன்னதும் ஏன்யா சிரிச்சான்?"

"உனக்கு எல்லாம் குத்தம்," என்றான் சின்னப்பையன். "செங்கல் சூளைக்கு ஆள் எடுத்தாலும், கரும்பு வெட்ட ஆள் எடுத்தாலும், மேஸ்திரி கை பாத்துத்தான எடுக்கறான்? என்னையும் கை பாத்துத்தான் எடுத்தாங்க. எங்கப்பனையும் அப்படித்தான். கை பாக்காம ஆள் சேக்கறவன்தான் ஏமாத்துக்காரன். இவரு வேலை தெரிஞ்சவரு."

அவன் மனசறிந்து சொன்ன வார்த்தை அது. பிறந்ததிலிருந்து அவனை யாரும் வேறு விதமாகத் தேர்ந்தெடுத்ததில்லை. கையைப் பார்த்துவிட்டார் என்றால் காரியம் முடிந்தது என்றுதான் அவனுக்குத் தெரியும்.

"சூளைக்குப் போறவளுக்குக் கை பாக்கட்டும்யா... இவ பாஷை கத்துக்கப் போறவ."

"பொறாம," என்றாள் ஜெயம்மாள். "மூத்தவ வயித்துல பொறந்தது கப்பல் ஏறுதேன்னு பொறாம. வேற ஒண்ணும் இல்ல."

சிட்டம்மாள் சுந்தரியைப் பார்த்தாள். "அந்த மதர் சொல்ற மாதிரி ரெண்டு வருசம் பொறுத்துக்கம்மா. அவங்க உன்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க இல்ல..."

"ரெண்டு வருசம் இந்த வூட்லயா?" சுந்தரியின் குரல் சன்னமாக இருந்தது. "தெனம் இந்த ஏச்சக் கேட்டுக்கினா? ஏரி வேலைக்குப் போற வழியில நாலு பேரு கேலி பேசறதக் கேட்டுக்கினா? நான் படிக்க மட்டும் போவல சின்னம்மா. இங்கேருந்து போவணும்னுதான் போறேன்."

சிட்டம்மாள் ஆறிப்போன கூழை எடுத்து மறுபடி அடுப்பில் வைத்தாள்.

கார் வந்த அன்று சேரியே கூடி நின்றது. புதுப் பாவாடை, தாவணி, தகரப் பெட்டி. கிருஷ்ணசாமி சுந்தரியின் மணிக்கட்டைப் பிடித்துக் காரில் ஏற்றப் போனான். பிடித்தவன் விடவில்லை. பிடி கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? சிட்டம்மாள் பார்த்தாள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். முழங்கைக்கு மேல், நெல் அவிக்கும்போது ஆவி அடித்து வெளுத்த தழும்பு ஒன்று இருந்தது.

"ஐயா, கூட்டிக்கினு போறதுக்கு முன்னால இதப் பாத்துடுங்க."

"என்னது அது?"

"பெருவியாதி... குஷ்டம்."

கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது.

"யாருக்கும் சொல்லாம வச்சிக்கினு இருந்தேன். பின்னால தெரிஞ்சா உங்களுக்குக் கெட்ட பேரு. இந்தப் பொண்ணு என் கையால சோறு தின்னு வளந்தவ. ஒரே தட்டு, ஒரே பாய். இவ மேல இன்னும் வெளியில தெரியல... அவ்ளோதான்."

கிருஷ்ணசாமியின் கை சுந்தரியின் மணிக்கட்டை விட்டது. கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். புழுதி அடங்கியபோது தெருவில் தகரப் பெட்டியோடு சுந்தரியும் சிட்டம்மாளும் மட்டும் நின்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் தள்ளிப் போயிருந்தார்கள்.

சின்னப்பையன் சிட்டம்மாளை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ஓங்கிய கை பாதியில் நின்றது. அடிப்பதற்கும் அவளைத் தொட்டாக வேண்டுமே.

"வூட்டுக்குள்ள வராத," என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. "எங்கியாச்சும் போயிடு..."

ஏரிக்கரைச் சரிவில் வாத்து மேய்ப்பவர்கள் விட்டுப் போன குடிசை ஒன்று கிடந்தது. அங்கே போனாள் சிட்டம்மாள். நடவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கிணற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். ஜெயம்மாள் ஒரு கல்லின் மேல் சோற்றை வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று குரல் கொடுப்பாள். பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் வைக்கிறேன் என்று ஊரார் காதில் விழச் சொல்வாள்.

சுந்தரிக்கும் ஊரில் யாரும் முகம் கொடுக்கவில்லை. மதர்தான் ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்து அங்கேயே தங்க வைத்துக்கொண்டார். "வியாதிக்குப் பயந்தால் நாங்கள் கடல் தாண்டி ஏன் வரணும்?" என்றாராம். சுந்தரி போனாள். சின்னம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன? சிட்டம்மாள் நினைக்காமல் இல்லை. ஆனால் கிருஷ்ணசாமியின் ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து விசாரித்துக்கொண்டே இருந்தான். "டாக்டர் கிட்ட காட்டினீங்களா? அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னா பொண்ணுக்கு அடுத்த கப்பல்ல ஒரு எடம் கீது..." ஒவ்வொரு தடவையும் சின்னப்பையன் கண்ணில் ஆசை எட்டிப் பார்த்தது. அந்த ஆசை சாகும்வரை அவள் வியாதிக்காரிதான்.

கடைசியில் சின்னப்பையனே மதரை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தான். பின்னால் ஜெயம்மாள். கொஞ்சம் தள்ளி, சைக்கிள்காரன்.

"கண்ணை மூடிக்கோ," என்றார் மதர். "தொட்டால் சொல்லணும்."

பெருவியாதி பிடித்த தோலுக்கு உணர்ச்சி இருக்காது என்பது சிட்டம்மாளுக்கும் தெரியும். கோழி இறகு தழும்பின் மேல் ஓடியது. எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

"தெரிகிறதா?"

"இல்லம்மா."

அடுத்தது குண்டூசி. முதலில் மெல்ல. பிறகு ஆழமாக.

"இப்போ?"

"இல்லம்மா... ஒண்ணும் தெரியல."

அவள் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. ஆனால் மதர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டம்மாளின் கால்விரல்கள் பத்தும் ஈர மண்ணுக்குள் புதைந்திருந்தன.

மதர் ஊசியை எடுத்தார். "இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் பார்க்கணும்," என்றார் எல்லாருக்கும் கேட்க. சைக்கிள்காரன் எச்சிலைத் துப்பிவிட்டு மிதித்துக்கொண்டு போனான். மதர் குனிந்து பெட்டியை மூடும் சாக்கில் அவள் காதோடு கேட்டார். "ஏன் இப்படி?"

"அவன் வருவான் தாயே. இன்னும் வருவான். பொண்ண விட்டுடாதீங்க."

மதர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவள் தலையில் கை வைத்துவிட்டு நடந்தார்.

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்த ஒரு மத்தியானம், ஏரிக்கரை மேல் ஒரு பெண் வந்தாள். செருப்பு இல்லை. கையில் ஒரு துணி மூட்டை. தலைமுடியை யாரோ ஒட்ட வெட்டியிருந்தார்கள். சிட்டம்மாளுக்கு யாரென்று தெரியவே சற்று நேரம் ஆனது.

"மலர்க்கொடியா நீ?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உள்ள வராதம்மா. எனக்கு வியாதின்றாங்க."

"என்னையும் அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் மலர்க்கொடி. "எங்கம்மா கதவத் தொறக்கல. கெட்டுப் போயிட்டு வந்தவன்றா... இந்தக் குடிசக்கி யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

சிட்டம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். கஞ்சி ஊற்றினாள். அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சுந்தரி வந்தாள். மதர் கொடுத்தனுப்பும் அரிசியை வாரம் ஒரு முறை கல்லின் மேல் வைத்துவிட்டுப் பேசாமல் போவது அவள் வழக்கம். குடிசைக்குள் இருப்பவளைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏய் மலரு... எப்போடி வந்தே? ஸ்பெயின் எப்படிடி கீது? எங்க, ஸ்பானிஷ்ல ஒரு வார்த்த பேசு. நானும் மதர் கிட்ட கொஞ்சம் கத்துக்கினேன்..."

மலர்க்கொடி விழித்தாள். சுந்தரியின் குரல் கொஞ்சம் உயர்ந்ததற்கே உடம்பை ஒடுக்கிக்கொண்டு, கையால் தலையை மறைத்துக்கொண்டாள். வாய் தானாக முணுமுணுத்தது. "ஜல்தி... ஜல்தி கரோ..."

"இது ஸ்பானிஷ் இல்லியே. இது இந்தி."

"எனக்குத் தெரிஞ்ச பாஷை அதான்டி," என்றாள் மலர்க்கொடி. "கப்பல நான் பாக்கவே இல்ல. பம்பாய்ல ஒரு வூடு. வெளியப் பூட்டு. எங்கள மாதிரி இன்னும் பொண்ணுங்க. படிப்பு எப்போன்னு கேட்டேன். அதுக்கு வெட்னதுதான் இந்த முடி... ஒரு நாள் பூட்டாம வுட்டாங்க, ஓடியாந்துட்டேன்." வெட்டிய தலையைத் தடவிக்கொண்டாள். "உனக்கும் கை பாத்தானா?"

சுந்தரி மெதுவாகத் திரும்பி, அத்தனை மாதங்களில் முதல் தடவையாகச் சின்னம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்தாள். ரவிக்கைக் கையை ஒதுக்கி, அந்த வெள்ளைத் தழும்பில் நகத்தை வைத்து அழுத்தினாள்.

"ஸ்... வலிக்குதுடி," என்றாள் சிட்டம்மாள்.

அவ்வளவுதான். சுந்தரி அப்படியே சரிந்து அவள் மடியில் விழுந்தாள்.

"ஏன் சொல்லல... ஏன் எங்கிட்ட சொல்லல நீ?"

"சொன்னேனே. யாரு காது குடுத்தீங்க?"

"உன்ன ஊரே தள்ளி வச்சுதே... நான் கல்லு மேல அரிசிய வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம போனேனே..."

"நீ திரும்பிப் போறத நான் பாத்துக்கினு இருந்தேன். அதுவே எனக்குப் போதும்னு இருந்துது. நீ இங்க கீற. பூட்டு போட்ட எடத்துல இல்ல." இருவரும் அழுதார்கள். சுவரோரம் இருந்தவள் அழவில்லை. அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

சுந்தரி ஓடிப்போய்ச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் சின்னப்பையன் கரைமேல் வந்து நின்றான். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது.

"சிட்டு... என் பொண்ண நானே கையப் புடிச்சிக் குடுக்கப் பாத்தேனே... வூட்டுக்கு வா. உன் காலுல விழறேன்."

"கால்ல எல்லாம் விழ வேணாம். வரேன்," என்றாள் சிட்டம்மாள். "ஆனா நான் மட்டும் வரமாட்டேன். இவளும் வருவா."

சின்னப்பையன் மலர்க்கொடியைப் பார்த்தான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "ஊரு இன்னா சொல்லும்..."

"என்னை வியாதிக்காரின்னுச்சி. நான் இன்னும் உசுரோடதான கீறேன்? இவள அவங்கம்மாவே சேக்கல. நாமளும் வெளிய நிறுத்தினா இவ எங்க போவா? அந்தாளு இன்னும் எங்கியோ ஒரு ஊர்ல கை பாத்துக்கினுதான் கீறான். சேக்க ஆளில்லாதவதான் அவனுக்குத் தோது."

அவர்கள் தெருவுக்குள் வந்தபோது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. சுந்தரி ஒரு பக்கம், மலர்க்கொடி மறுபக்கம், நடுவில் சிட்டம்மாள். வீட்டு வாசலில் ஜெயம்மாள் நின்றிருந்தாள். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சுந்தரிதான் சொன்னாள். "அத்தை, நான் மதர் சொன்ன மாதிரியே ரெண்டு வருசம் இருந்து, கப்பலுக்குச் சேத்துக்கினு போறேன். அது வரைக்கும் இவ நம்ம வூட்லதான் இருப்பா. முடியாதுன்னா நான் எங்கம்மாகூட ஏரிக்கரையிலேயே இருந்துக்கறேன்."

'எங்கம்மா' என்று அவள் யாரைச் சொன்னாள் என்பதில் அங்கிருந்த யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஜெயம்மாள் படியைவிட்டு இறங்கி வந்தாள். சிட்டம்மாளின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. மலர்க்கொடி மார்போடு இறுக்கிக்கொண்டிருந்த துணி மூட்டைக்குக் கை நீட்டினாள். அந்தப் பெண் நடுங்கிப் பின்வாங்கினாள்.

"குடும்மா," என்றாள் ஜெயம்மாள். "நான் உள்ள எடுத்துக்கினு போறேன்."