சொல்லிக்கொண்டு வந்த வீடு

இரண்டு பேருக்குத்தான் அறை எடுத்திருந்தார்கள். தரையில் மூன்று மெத்தைகள் விரித்துக் கிடந்தன.

நாள் முழுக்க ரயில் ஜன்னலில் சிவந்த மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்த அசதியில் வேணி முதலில் அதைக் கவனிக்கவில்லை. தாள் ஒட்டிய கதவை இழுத்து மூடி, கோரைப்பாயும் விறகுப் புகையும் கலந்த வாசனையை உள்ளிழுத்து, எங்கோ வெந்நீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி ஸ்வெட்டரைக் கழற்றும்போதுதான் கண்ணில் பட்டது.

கணவன் இளவரசன் கீழே போய், போனில் மொழிபெயர்த்து விசாரித்துவிட்டு வந்தான்.

"மூணு பேரா உள்ள வந்தோமாம். விடுதிக்காரம்மா வாசல்ல நின்னு பார்த்தாங்களாம்." சிரித்தான். "ஓசி மெத்தைதானே, கிடக்கட்டும். நான் குளிச்சிட்டு வந்துடுறேன்."

ஜப்பானில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாலும் அரியலூர்க்காரனுக்கு ஓசி என்றால் தனி சந்தோஷம்தான். அவன் போனதும் வேணி ஊருக்கு வீடியோ கால் போட்டாள். ஐந்து வயது மகள் ஆர்த்தியை அரியலூரில் அக்கா நர்மதாவிடம் விட்டுவிட்டு, கணவனைப் பார்க்க இருபது நாளுக்கு வந்தவள். சாயங்காலமானால் பிள்ளை முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இன்னும் நான்கே நாள், போய் அள்ளிக்கொள்ளலாம்.

இங்கே இருட்டிக்கொண்டு வந்தது, அங்கே நடுப்பகல். ஆர்த்தி போனைச் சொம்பில் சாய்த்துவைத்துச் சோறு தின்றுகொண்டிருந்தாள். நர்மதா பக்கத்தில் உட்கார்ந்து பயணக் கதை கேட்டாள்.

வேணி முந்தின நாள் விடுதியைப் பற்றிச் சொன்னாள். அந்த வீட்டுக் கிழவி அவளுக்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாள். பிள்ளை உண்டா என்று சைகையில் கேட்டாள். ஆர்த்தியின் படத்தைக் காட்டியதும் போனை வாங்கி, கட்டைவிரலால் அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். காலையில் கிளம்பும்போது அவள் உள்ளறையில் படுத்திருந்தாள். முகத்தில் வெள்ளைத் துணி. தலைமாட்டில் ஊதுவத்தி. கிண்ணத்தில் சோறு, அதில் சாப்பிடும் குச்சிகள் இரண்டை நட்டுவைத்திருந்தார்கள்.

"குளிருக்கு மூடிட்டுத் தூங்குறாங்கன்னு நெனச்சேன்க்கா. சொல்லாம வந்தா மரியாதை இல்லையேன்னு, கையெடுத்துக் கும்பிட்டு, போயிட்டு வரேம்மான்னேன்."

நர்மதாவின் முகம் மாறியது.

"அது எழவு வூடுடி, வேணி."

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது ஊரில் யாருக்குத்தான் தெரியாது? திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வேணியோ மறுபடி வருவதாக வாக்கே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. தலைக்கு ஊத்திக்க, சாமியைக் கும்புட்டுக்க" என்றாள் நர்மதா. அவள் குரலிலும் தைரியம் இல்லை. "இருடி, தூறல் போடுது. மாடியில மொளகா கிடக்கு, அள்ளிட்டு வரேன்."

திரையில் ஆர்த்தி மட்டும் மிச்சமிருந்தாள். வாய் நிறையச் சோற்றோடு அம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அது யாரும்மா படுத்திருக்கிறது?"

வேணி திரும்பவில்லை. மூன்றாவது மெத்தை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அந்தப் பக்கமிருந்து பழவாசனை வந்தது. கொஞ்சம் அழுகின பழம்.

"யாரும் இல்லடா கண்ணு. நீ சாப்புடு."

"எழுந்து ஒக்காந்துட்டாங்க."

போர்வை சரிந்தது. காதில் கேட்டது. பாயில் முழங்கால் ஊன்றும் சத்தம். ஒன்று. இன்னொன்று. கழுத்தில் மூச்சு படவில்லை. குளிர்தான் பட்டது.

"என்னயப் பார்த்துச் சிரிக்கிறாங்கம்மா."

"பார்க்காத. போனைக் கவுத்து வை. ஆர்த்தி, அம்மா சொல்றேன்ல!"

ஆர்த்தி நல்ல பிள்ளை. பெரியவர்களைக் கண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வேணிதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னாள்.

"வாங்க. எங்க வூட்டுக்கு வாங்க."

"அய்யோ, சொல்லாதடி!"

முதுகில் குளிர் விட்டது. சட்டென்று. அறையில் வேணி மட்டும் இருந்தாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் தாங்க முடியவில்லை.

திரையில் ஆர்த்தி தன் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். எழுந்தாள்.

"அக்கா! நர்மதாக்கா!"

மாடிக்குக் கேட்கவில்லை. மழை வலுத்திருந்தது.

ஆர்த்தி வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"போறேம்மா."

திரையில், திறந்த வாசலுக்கு வெளியே கல்லங்குறிச்சி ரோட்டில் சிமெண்ட் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை போல, வலது கையை உயரத் தூக்கியபடி, அவள் மழையில் ரோட்டைப் பார்க்க நடந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.