விரலளவுப் பள்ளம்

“வேணும்னா முகர்ந்து பாரு.”

“வாயை ஊதுங்க.”

“ஊதியாச்சு. போதுமா? ஊருக்கெல்லாம் காது பாக்கிறவ, வீட்டுக்கு வந்தா மூக்கைத் தூக்கிட்டு அலையிறியே.”

அவள் சிரிக்கவில்லை. கணவனின் மூச்சில் பற்பசையும் ஆறிப்போன காபியும்தான் இருந்தன. சட்டைக் காலரில் சோப்பு வாசம். ஆனால் அவருடைய மேசையில், பிழை திருத்த வேண்டிய அச்சுத்தாள்களுக்குப் பக்கத்தில், அந்தப் பச்சைக் கண்ணாடி ஆஷ்ட்ரேயின் நடுவில் ஓர் அங்குல நீளத்துக்குச் சாம்பல் கிடந்தது. உருளையாக, உடையாமல்.

“அப்போ இது யாரு வேலை? பக்கத்து வீட்டுப் பூனையா?”

“நான் சிகரெட்டைத் தொடல. உன் தலைமேல சத்தியம் பண்ணிருக்கேன்ல?”

பண்ணியிருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்னால், மருத்துவமனைக் கட்டிலில், நெஞ்சிலிருந்து குழாயைக்கூட எடுக்காத நிலையில். வெட்டி எடுத்ததுபோக மிச்சமிருக்கும் நுரையீரல் இனி ஒரு சிகரெட்டைக்கூடத் தாங்காது என்று மருத்துவர் அவளைத் தனியே அழைத்துச் சொன்ன நாள் அது. அதன்பிறகு வீட்டிலிருந்து சிகரெட் போனது, ஆஷ்ட்ரேக்கள் வந்தன. “சிகரெட்டைத்தான் விடச் சொன்னாங்க, ஆஷ்ட்ரேயை விடச் சொல்லலையே” என்று பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி வாங்கினார். அலையில் கவிழாதபடி அடி கனத்த, கப்பலிலிருந்து வந்த பித்தளைக் கிண்ணம். பொத்தானை அழுத்தினால் சுழன்று சாம்பலை உள்ளே விழுங்கிக்கொள்ளும் தகரத் தட்டு. சிப்பி வடிவப் பீங்கான். போகப்போக அவளுக்கும் பிடித்துவிட்டது. ஒன்றில் சாவி போட்டாள், ஒன்றில் தோடு, ஒன்றில் குட்டிக் கள்ளிச்செடி. இருபத்தேழு ஆஷ்ட்ரேக்கள் இருக்கும் வீட்டில் ஒரு சிட்டிகைச் சாம்பல்கூடக் கிடையாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

பச்சைக் கண்ணாடி போன மாதம்தான் வந்தது. விளிம்பில் நான்கு பள்ளங்கள். மூன்று, சிகரெட் வைக்கும் அளவு. நான்காவது மட்டும் அகலம். யாரோ வருடக்கணக்கில் எதையோ வைத்து வைத்துத் தேய்த்ததுபோல வழவழப்பு. அதில் வலது ஆட்காட்டி விரலைச் சாய்த்து வைத்தபடிதான் அவர் இப்போதெல்லாம் படிப்பார். “பாரேன், எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு.” அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

இப்போது குனிந்து பார்த்தாள். புகையிலை வாசம் இல்லை. முடி பொசுங்கினால் வருமே, அந்த வாடை, மிக லேசாக. சாம்பலின் நுனியில் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த மெல்லிய கோடுகள். ரேகை. விரலால் அழுத்திப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். தொட்டதும் பொடிந்துபோனது.

நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், சிவப்புப் பென்சில் அவருடைய இடது கையில் இருந்தது. வலது கை பாக்கெட்டுக்குள்.

“கையில என்ன?”

“சுட்டுக்கிட்டேன். ஒண்ணுமில்ல.”

“காட்டுங்க.”

“மருந்து போட்டிருக்கேன். நாளைக்குக் காட்டுறேன்.”

பொய் சொன்னால் அவர் குரல் இம்மியளவு உயரும். பதினெட்டு வருடமாக அவளுக்கு அது தெரியும். சத்தியம் என்றபோது உயரவில்லை. சுட்டுக்கிட்டேன் என்றபோதும் உயரவில்லை.

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, குழாய்த் தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் அதைக் கேட்டாள். டொக். டொக். கண்ணாடி விளிம்பில் இரண்டு தட்டு. சாம்பலைச் சுண்டிவிட அவர் எப்போதும் தட்டும் அதே இரண்டு. ஈரக் கையோடு ஓடினாள். புகை இல்லை. அவர் தாள்களில் குனிந்திருந்தார். பச்சைக் கண்ணாடியில் இன்னோர் அங்குலம்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆஷ்ட்ரேயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். காது பரிசோதனை அறையில், வெளிச்சத்தம் நுழையாத கண்ணாடி ஜன்னல் வைத்த கூண்டு ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தாள். இங்கே யார் தேடப் போகிறார்கள்?

சாயங்காலம் கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஹெட்போனை மாட்டிவிட்டு வெளியே வந்து மைக்கில் சொன்னாள்.

“சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க, ஐயா.”

அவர் கையைத் தூக்கினார்.

“நான் இன்னும் ஒண்ணும் அனுப்பலையே.”

“ரெண்டு தட்டு தட்டினீங்களேம்மா. ஹார்ன் அடிச்சு அடிச்சே செத்துப்போன காது இது. இதுக்கே கேக்குதுன்னா பாத்துக்குங்க.”

கருவியைப் பார்த்தாள். எல்லா முள்ளும் பூஜ்ஜியத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மறுபடி கையைத் தூக்கினார். மறுபடி. பிறகு இறக்கவே இல்லை.

“இப்ப தட்டலம்மா.” தலையைச் சாய்த்துக் கேட்டார். “தடவுது. இருட்டுல சுவிட்சைத் தேடுற மாதிரி. எதையோ தேடுதும்மா.”

அவள் வீட்டுக்கு ஃபோன் செய்தாள். வெகுநேரம் மணி அடித்தபிறகு எடுத்தார்.

“பச்சை ஆஷ்ட்ரேயை எங்க வச்ச?”

“உங்களுக்கு என்ன ஆச்சு?”

“சீக்கிரம் வா. நான் அசையாம இருக்கேன்.”

குரல் உயரவில்லை.

டிரைவரை அனுப்பிவிட்டாள். ஆஷ்ட்ரேயை எடுக்க அந்தக் கூண்டுக்குள் திரும்பப் போக அவளால் முடியவில்லை. வெறும் கையோடு கிளம்பினாள்.

மூன்று மாடி. எந்த வீட்டிலோ பிரஷர் குக்கர் சீறியது, எங்கோ ஒரு குழந்தை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு படியிலும் அவள் செருப்புச் சத்தம் ஒருமுறை கேட்டு, சுவரில் மோதி இன்னொருமுறை கேட்டது. இரண்டாம் மாடியில் வாடை தொடங்கியது. பொசுங்கிய முடி. மூன்றாவதில் அதை நாக்கிலேயே உணர்ந்தாள்.

கதவைத் திறந்தாள்.

விளக்கு போடவில்லை. ஜன்னலில் மிச்ச வெளிச்சம். தரையெங்கும் ஆஷ்ட்ரேக்கள். அவர் நாற்காலியைச் சுற்றி, மேசைமேல், மடியில். இருபத்தாறு. சாவியைக் கொட்டியிருந்தார். தோட்டை. கள்ளிச்செடி வேரோடு கிடந்தது.

“எதுவும் பொருந்தல” என்றார்.

வலது முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்தி வைத்திருந்தார். ஆட்காட்டி விரல் பாதிதான் இருந்தது. மற்ற நான்கும் முழுசாக. நகங்கள். கணுக்கள். சுண்டுவிரலில் சின்ன வயசுத் தழும்பு.

எல்லாம் சாம்பல்.

முழங்கைவரை சாம்பல். அது முடியும் இடத்தில் ஒரு சிவப்பு வளையம், நூலளவு. அவர் மூச்சை உள்ளே இழுத்தார். வளையம் பிரகாசித்தது. ஒரு மயிரிழை மேலே ஏறியது.

மூச்சை விட்டார். மங்கியது.

“நான் சிகரெட்டைத் தொடல” என்றார். “சத்தியமா.”

அவளுக்குப் பின்னால் படிக்கட்டிலிருந்து குளிர்ந்த காற்று. ஜன்னல் திரை லேசாக அசைந்தது. சுண்டுவிரல் நுனியிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்து, மிக மெதுவாக, அச்சுத்தாளின் மேல் இறங்கியது.

அவர் அவளைப் பார்த்தார். கண்களை மட்டும் திருப்பி.

“கதவைச் சாத்தும்மா. காத்து வருது.”