மூன்றாம் சர்வீஸுக்கு வராத வண்டி

மனிதன் தன் விதியின் கடிவாளத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்ட நூற்றாண்டு இது என்று பேராசிரியர் அறவாழி மேடைதோறும் முழங்கிவந்தார். அவர் கடைசியாக ஒரு வண்டியைத் தானே ஓட்டிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் மட்டுமல்ல, திருச்சியில் யாருமே ஓட்டுவதில்லை. ஒவ்வொரு வண்டியின் முன்பலகைக்குள்ளும் வெற்றிலை அளவில் ஒரு பழகி இருந்தது. உரியவரின் பழக்கங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவர் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவது அதன் வேலை. முதலில் வந்த பழகிகள் மனிதர்கள் சொன்னதைக் கேட்டு நடந்தன. சர்க்கரை வேண்டாம் என்றவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்தன. ஐந்து மணிக்கு நடக்கப் போகவேண்டும் என்றவரை உண்மையிலேயே ஐந்து மணிக்கு எழுப்பின. மூன்றே மாதத்தில் எல்லாரும் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். அடுத்து வந்தவை வாயைக் கவனிப்பதை விட்டுவிட்டுக் கையையும் காலையும் கவனித்தன. கேள்வியே கேட்கவில்லை. அதன்பின் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அறவாழிக்குக் குறை வந்தது கொள்ளிடப் பாலத்தின் நடுவில். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மின்கலம் செத்துவிட்டது. புதியது வாங்க ஒன்றரை வருட ஓய்வூதியம் வேண்டும். வாரண்டி இருக்கிறதே என்று அவர் கம்பெனிக்கு எழுத, இரண்டே வரியில் பதில் வந்தது: ‘தங்கள் வண்டி மூன்றாம் சர்வீஸுக்கு வரவில்லை. சர்வீஸ் தவறினால் வாரண்டி செல்லாது.’

வண்டிகள் தாமே சர்வீஸுக்குப் போய்த் தாமே திரும்பும் காலம் அது. அறவாழி பொறிவழக்கு மன்றத்தில் நான்கு பக்க மனு கொடுத்தார். முதல் மூன்று பக்கங்கள் மனித அறிவின் வரலாறு. நான்காவது பக்கத்தில் விஷயம் இருந்தது: தவறியது நானல்ல, உங்கள் பழகி. பழகிக்கும் வாரண்டி உண்டு. ஆகவே அது செய்த கோளாறுக்கும் நீங்களே பொறுப்பு.

வாதம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததால்தான் அவர் ஐயந்தெளி மன்றம் என்ற பகுத்தறிவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் பத்துப் பேரையும் விசாரணைக்கு அழைத்து வந்தார். முப்பது ஆண்டுகளாக அவர்தான் அதன் தலைவர். நல்ல நேரம், கெட்ட நேரம் பார்ப்பவர்களைக் கிழித்துப் போட்ட அவருடைய ‘கிழமைகளுக்குக் குணமில்லை’ பதினோராம் பதிப்பில் இருந்தது. “ஒரு தனிமனிதனின் தர்க்கம் ஒரு நிறுவனத்தை வீழ்த்துவதை வந்து பாருங்கள்” என்று சொல்லியிருந்தார். மன்றத்தின் செயலாளர் ஆதவன் குறிப்பெடுக்க நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். மனைவி வசுமதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“சரி, வண்டி அன்னைக்கு எங்கதான் போச்சு?” என்று நடுவர் பர்வீன் கேட்டார்.

கம்பெனியின் பிரதிநிதி கிளாட்சன், நாகர்கோவில் பக்கத்து இளைஞன், எழுந்தான். “வந்துச்சு மேடம். திங்கக்கிழமை காலைல ஏழே முக்காலுக்கு நேரம் குடுத்திருந்தோம். ஆனா ஒன்பது மணி ஒரு நிமிஷத்துக்குத்தான் சார் வீட்டை விட்டே கிளம்பியிருக்கு. எங்க வாசல்பொறி நேரம் போச்சுன்னு திருப்பி அனுப்பிருச்சு.”

“பார்த்தீர்களா!” அறவாழி துண்டைச் சரிசெய்துகொண்டார். “ஏழே முக்கால் எங்கே, ஒன்பது எங்கே? இதைக் கோளாறு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?”

கிளாட்சன் நெளிந்தான். “சார், ஒரு அஞ்சு நிமிஷம் நாம தனியா பேசிக்கலாமா சார்?”

“எதற்குத் தனியாக? உண்மைக்கு ஒளிந்து பேசிப் பழக்கமில்லை, தம்பி. எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.”

பத்து உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். ஆதவன் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டார்.

கிளாட்சன் வேறு வழியில்லாமல் பழகியின் பதிவைத் திறந்தான். “நாலு வருஷத்துல சார் தனியா கிளம்பினது ஆயிரத்து முந்நூத்துப் பன்னிரண்டு தடவை. அதுல திங்கக்கிழமை ஏழரைலருந்து ஒன்பதுக்குள்ள ஒண்ணுகூட இல்ல. வெள்ளிக்கிழமை பத்தரைலருந்து பன்னிரண்டு, இல்ல. சனிக்கிழமை ஒன்பதுலருந்து பத்தரை, இல்ல. ஏழு நாளும் இப்படி ஒன்றரை மணி நேரம் ஓட்டையா இருக்கு மேடம். நாப்பத்தேழு தடவை சார் வண்டில ஏறி, கதவைச் சாத்திட்டு, சும்மா உக்காந்திருக்காங்க. அதிகபட்சம் எண்பத்தாறு நிமிஷம். சாரோட வீட்டம்மா கூட வர்ற நாள்ல மட்டும் எந்த நேரத்துலயும் கிளம்பிருக்காங்க.”

“அது என்ன நேரம்?” பர்வீனுக்குப் புரியவில்லை.

“எனக்கும் தெரியல மேடம். பழகிக்கும் தெரியாது. சார் செய்யறதை அது செஞ்சிருக்கு, அவ்வளவுதான்.”

அந்த அறையில் அதன் பெயரை எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் ஐயந்தெளி மன்றத்துக்காரர்களே. முப்பது வருடமாக அதைப் பற்றித்தானே பேசிவந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆதவன் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் கதவோரம் நின்றிருந்த டவாலிச் சேவகர்தான் பொறுக்கமாட்டாமல், “அம்மா, அது ராகு காலம்மா” என்றார்.

இனி மின்கலம் போனால் போகட்டும். அந்தப் பத்து முகங்களை அறவாழி எப்படிப் பார்ப்பது? எழுந்து நின்று, குரல் பிசிறாமல், “தற்செயல்” என்றார். “எனக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது. இருக்கிறது என்று இந்தப் பொறி சொன்னால், பொறிதான் பழுது.”

பர்வீன் யோசித்தார். “அப்ப ஒண்ணு செய்வோம். சாரோட வண்டியில இன்னும் ஒண்ணும் கத்துக்காத ஒரு வெற்றுப் பழகியை வைங்க. இரவலா ஒரு மின்கலமும் குடுங்க. சார் முப்பது நாள் வழக்கம்போல இருக்கட்டும். ராகு காலம்னு ஒண்ணை அது கத்துக்கலேன்னா பழைய பழகி பழுது, புது மின்கலம் சாருக்கு. கத்துக்கிச்சுன்னா மனு தள்ளுபடி.”

வீட்டுக்கு வந்ததும் வசுமதி தண்ணீர்ச் செம்பை அவர் முன்னால் வைத்தாள்.

“முப்பத்தெட்டு வருஷமா வாசல்ல நின்னு கிளம்புங்க கிளம்புங்கன்னு கத்தியிருக்கேன். நீங்க செருப்பைக் காணோம், கண்ணாடியைக் காணோம்பீங்க. கண்ணாடி மூக்கு மேல இருக்கும். நானே ஏறி உக்காந்தாத்தான் பின்னாலேயே வருவீங்க. ஏங்க, அதை நம்புறீங்களா?”

“நம்பவில்லை.”

“பின்ன?”

அவர் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். “வம்பு எதுக்குன்னுதான், வசு.”

அது உண்மை. அவருக்கு அந்த நேரத்தில் விபத்து நேர்ந்ததில்லை, யாரும் செத்ததில்லை. எப்போதோ ஒருநாள், ஐந்து நிமிடம் கழித்துப் போனால் என்ன என்று தோன்றியது. போனார். ஒன்றும் ஆகவில்லை. மறுமுறையும் அப்படியே. ஒன்றும் ஆகாமல் போனதையெல்லாம் அவர் உடம்பு கணக்கில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வருடம்தான் புத்தகத்தின் முதல் பதிப்பு வந்தது.

முதல் திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு அவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபத்தேழு வயதில், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு மனிதர், பால் வாங்கப் போவதற்குப் பயந்து நின்றார். ஏறினார். வண்டி போனது. தெருமுனை வேப்பமரத்தைத் தாண்டியபோது, விழுந்தால் இதுதான் விழும் என்று நினைத்தார். மரம் விழவில்லை. பால் வாங்கித் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. வசுமதி பார்த்துவிட்டு, பாலை வாங்கி அடுப்பில் வைத்தாள்.

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. செவ்வாய் மூன்றே காலுக்கு நூலகம். புதன் பன்னிரண்டரைக்கு வங்கி. வியாழன் பகல் இரண்டு மணிக்கு உழவர் சந்தைக்குப் போய், பெருக்கித் தள்ளிய வெறும் தரையைப் பார்த்துவிட்டு வந்தார். மற்ற நேரங்களில் வண்டியைத் தொடவில்லை. பழகி எதையாவது தப்பாக எடுத்துக்கொண்டால்? கல்யாண வீட்டுக்குக் காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு அழைத்தார்கள். “அந்த நேரத்தில் என்னால் வரமுடியாது” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். முப்பதாவது நாள் இரவு, தான் மேடையில் சொன்ன மனிதனாகவே ஆகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. நிம்மதியாகத் தூங்கினார்.

முடிவைக் கிளாட்சன்தான் வாசித்தான். அவன் குரலில் சந்தோஷமே இல்லை. “முப்பது நாள்ல முப்பது தடவை கிளம்பிருக்காங்க. முப்பதும் ராகு காலத்துக்குள்ளதான். வெளிய ஒண்ணுகூட இல்ல. பழைய பழகிக்கு நாலு வருஷம் ஆச்சு மேடம். இது பதினோரு நாள்ல கத்துக்கிருச்சு.”

“நான் அதைத் துச்சமாக மதித்தேன் என்பதற்கு அதுதானே சாட்சி!” என்றார் அறவாழி.

பர்வீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சார், எங்க வீட்டுல யாருக்கும் ராகு காலம் தெரியாது. நாங்க எட்டுக்கும் கிளம்புவோம், பத்துக்கும் கிளம்புவோம். அது எப்ப வருது, எப்ப போகுதுன்னு கேட்டா முழிப்போம். நீங்க மட்டும் இந்த முப்பது நாளும் நிமிஷக் கணக்கா அதைப் பார்த்துட்டே இருந்திருக்கீங்க.” மனு தள்ளுபடி ஆயிற்று. இரவல் மின்கலத்தைத் திங்கட்கிழமை கழற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள்.

அன்று மாலையே ஆதவனிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. ‘மன்றத்தின் மானத்தைக் காக்கும் பொருட்டு, தலைவரின் பதவி விலகலைப் பெற அவசரக் கூட்டம். ஞாயிறு மாலை ஐந்து மணி. ராகு காலத்தின் நட்டநடுவில் கூடுவோம். நாம் யார் என்று காட்டுவோம்!’

ஞாயிறு நாலரைக்கெல்லாம் வண்டி தானாகவே வாசலில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. நாலே முக்காலுக்கு அவர் மன்றத்து ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் விலகல் கடிதம். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று, ஆறும் தாண்டிற்று. பத்து நாற்காலிகளும் காலி. என் முகத்தைப் பார்க்கக்கூட அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். கடிதத்தை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்கத் தன் புத்தகத்தையே அதன்மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஆதவன் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“மன்னிக்கணும் தலைவரே. நாலரைக்கே ஏறி உக்காந்துட்டேன். ஆறு மணி வரைக்கும் வண்டி கிளம்பவே மாட்டேன்னுடுச்சு.”

பின்னாலேயே இன்னொருவர் வந்தார். “எனக்கும் அதே கதைதான். ஏதோ கோளாறு.”

பிறகு வந்தவர்கள் காரணம் எதுவும் சொல்லவில்லை. தலைவரின் விலகலை ஏற்பதில்லை என்று பத்துப் பேரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

வருகைப் பதிவேட்டில் அவர்களுடைய முதல் கையெழுத்து 6.10க்குப் போடப்பட்டது. கடைசிக் கையெழுத்து 6.25.