முப்பத்தோரு அங்குல மூடி

கெசையா தர்லோவின் வீட்டை நாங்கள் அடைந்தபோது பிற்பகல்தான். ஆனாலும் பனிமேகம் கவிந்து பைன் காடு முழுவதும் இருண்டு கிடந்தது. இங்கிலாந்து மன்னரின் மர அதிகாரி கிராஃப்டன் முன்னே போனார். அளவுகோலையும் குறி போடும் கோடரியையும் சுமந்துகொண்டு நான் பின்னே போனேன்.

எங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் அப்போது அதுதான் சட்டம். இருபத்து நான்கு அங்குலத்துக்கு மேல் பருத்த வெண்பைன் எல்லாம் மன்னரின் கப்பலுக்குப் பாய்மரம். மூன்று வெட்டில் அம்புக்குறி போட்டுவிட்டால், உன் நிலத்தில் நின்றாலும் அது உன் மரமில்லை. அந்தக் குறி போடும் கூலியில்தான் நான் வயிறு வளர்த்தேன். வெட்கக்கேடு.

கெசையாவின் கணவன் ஏசா அப்படிக் குறி போட்ட மரமொன்றை வெட்டினான். பெரிய மரம் விழும் இடத்தில் சின்ன மரங்களைச் சாய்த்து மெத்தைபோல் பரப்புவது எங்கள் வழக்கம். அதிகாரி வந்துவிடுவாரோ என்ற அவசரத்தில் ஏசா அதைச் செய்யவில்லை. மரம் பாறையில் மோதி எகிறி அவன் மேலேயே உருண்டது.

தரை உறைந்து கிடந்ததால் வசந்தம் வரை புதைக்க முடியாது. சவப்பெட்டி விறகுக் கொட்டகையில் இருந்தது. அதே மரத்தை அறுத்துத்தான் கெசையா பெட்டி செய்திருக்கிறாள் என்று யாரோ கிராஃப்டன் காதில் போட்டுவிட்டார்கள்.

"பெட்டி மூடிய அளக்கணும்," என்றார் அவர். "இருபத்துநாலுக்கு மேல இருந்தா பெட்டி எங்களுக்கு. வீடும் நிலமும் ஜப்தி."

"உள்ள இருக்கிறவரு?" என்றாள் கெசையா.

"வைக்கோல்ல கிடத்தி வை."

கெசையா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவர் கோடரியோட நின்னப்ப இத வந்து சொல்லியிருக்கலாமே, துரை. அப்ப உங்கள இந்தப் பக்கமே காணோமே?"

கொட்டகைக்குள் நுழைந்ததும் பச்சைப் பிசின் வாசனை குப்பென்று அடித்தது. அந்தக் குளிரில் எந்த மரமும் மணக்காது.

அளந்தேன். ஒரே பலகை.

"எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு," என்று உளறிவிட்டேன்.

கிராஃப்டன் சிரித்தபடி கோடரியை வாங்கி மூடியின்மேல் முதல் வெட்டைப் போட்டார்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். இரண்டாவது வெட்டு.

மறுபடியும் ஒரு தட்டு.

மூன்றாவது வெட்டை அவர் வீம்புக்குத்தான் போட்டார். மூன்றாவது தட்டும் கேட்டது. பிறகு அமைதி. கூரையிலிருந்து பனி சரிகிற ஓசை மட்டும்.

அப்புறம், நாங்கள் யாரும் அசையாதபோது, உள்ளேயிருந்து நான்காவது.

அம்புக்குறியின் குறுக்கே பலகை பிளந்தது. பிளவிலிருந்து பிசின் சூடாகக் கசிந்து ஆவி பறந்தது.

காலில் வெந்நீர் கொட்டியதுபோல் ஓடினார் கிராஃப்டன்.

"நீ ஓடலையா, ஜோத்தம்?" என்றாள் கெசையா.

"கால் வரலம்மா."

"அப்ப நில்லு. உள்ள இருக்கிறவரு உன்ன ஒண்ணும் பண்ணமாட்டார். ஆனா கோர்ட்டுல என்ன சொல்லப்போற?"

அளந்தவன் சத்தியம் செய்தால்தான் வழக்கு நிற்கும். அடுத்த வாரம் நீதிபதி முன்னால் வேதப் புத்தகத்தில் கை வைத்தேன்.

"இருபத்துமூணு அங்குலம்ங்க, ஐயா."

"பொய்! முப்பத்தொண்ணுன்னு இவனேதான் சொன்னான்!" என்று கிராஃப்டன் துள்ளி எழுந்தார்.

வாழ்நாளில் முதல்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தேன். "அப்ப வாங்க. நீங்களே கொட்டகைக்குள்ள வந்து, குனிஞ்சு, இன்னொரு தடவ அளந்துக்குங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். வீடு கெசையாவிடமே நின்றது. பொய்ச் சத்தியத்துக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

ஏப்ரலில் தரை இளகியது. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் செத்தவனுக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் குழியைச் சுற்றி நின்றோம். ஏசா எருதுபோன்ற ஆள். ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினோம். தூக்கிய வேகத்தில் தடுமாறி விழப் பார்த்தோம். பெட்டியில் பலகையின் கனம் மட்டுமே இருந்தது.

"தொறந்து பாத்துடலாமா, அண்ணி?" என்று கிசுகிசுத்தான் ஏசாவின் தம்பி எலிஃபலெட்.

"வேணாம். பொதைங்க."

அப்போது மேட்டுக் காட்டில், மன்னரின் பாய்மரங்கள் நிற்கும் பக்கம், கோடரிச் சத்தம் எழுந்தது. பதற்றமில்லாத, பழகிய கையின் சத்தம். ஊரில் கோடரி பிடிக்கிறவர்கள் எல்லோரும் குழியோரம்தான் நின்றோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எலிஃபலெட் தன் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு நாங்களும் ஒவ்வொருவராக வைத்துக்கொண்டோம்.